ஏஐ துணையோடு கோடிங்... சான்றிதழ் வாங்கினால் வேலைக்கு உதவுமா?

பொறியியல் இறுதியாண்டு மாணவர்களின் ரெஸ்யூமேவில் ஜாவா, பைத்தான், கிளவுட் என்று வரிசைகட்டி நிற்கும் சான்றிதழ்களோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ‘கிட்ஹப் கோபைலட்’. நிரல் எழுதித் தரும் ஏஐ கருவியை முறையாகக் கையாளத் தெரியும் என்று சொல்லும் சான்றிதழ் இது.

“இதைப் படித்தால் கேம்பஸில் எடுத்துக்கொள்வார்களா?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். “ஃபீஸ் கட்டச் சொல்றாங்க, கட்டலாமா?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஐ.டி. துறையில் பல வருடங்கள் வேலை பார்த்தவர்களும், எதற்கும் இருக்கட்டும் என்று இதை எழுதி வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரை, அதாவது தன் ஊழியர்களில் 2 சதவிகிதத்தினரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. ஏஐ இதற்குக் காரணமில்லை, திறன் பொருந்தாததுதான் காரணம் என்று நிறுவனம் விளக்கியது. விளக்கம் எதுவாக இருந்தாலும், அந்தச் செய்திக்குப் பிறகு ‘திறன்’ என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது பலருக்கு. அந்தப் பயத்தில்தான் இத்தகைய சான்றிதழ்களை நோக்கி இத்தனை பேர் ஓடுகிறார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சான்றிதழுக்கான பாடத்தில், நிரல் எழுதும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சில பகுதிகள் இருக்கின்றன. அவற்றுக்காகவே படிக்கலாம். ஆனால், ஏஐ எழுதித் தந்த நிரலில் உள்ள தவறைக் கண்டுபிடிக்கும் திறமைதான் இன்றைக்கு வேலையில் மிகத் தேவையானது. அதை இந்தத் தேர்வு கொஞ்சமாகத்தான் தொடுகிறது. அந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டு எழுதுகிறவருக்கு இது பயன்படும். தெரியாமல் எழுதுகிறவர், கையில் காகிதமும் மனதில் பொய்யான தைரியமுமாக நேர்முகத் தேர்வுக்குப் போய் உட்காருவார்.

சாம்பல் நிற வரிகள்

உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தங்கள் நிரலைச் சேமித்து வைக்கவும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தவும் பயன்படுத்தும் தளம் கிட்ஹப். 2018இல் 750 கோடி டாலர் மதிப்பில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 2025ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவிலிருந்து 50 லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் புதிதாகக் கணக்கு தொடங்கினார்கள் என்கிறது அதன் ஆண்டறிக்கை. அந்தத் தளம் 2021 ஜூனில் முன்னோட்டமாகவும், 2022 ஜூனில் மாதம் 10 டாலர் கட்டணத்தில் எல்லோருக்குமாகவும் வெளியிட்ட கருவிதான் கோபைலட். தொடக்கத்தில் ஓப்பன்ஏஐ-யின் கோடெக்ஸ் என்ற மாடல் அதன் உள்ளே வேலை செய்தது.

எடிட்டரில் ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் வைத்து இரண்டு வரி எழுதத் தொடங்கினால், மிச்ச வரிகளை ஊகித்துச் சாம்பல் நிறத்தில் காட்டும். பிடித்திருந்தால் டேப் விசையைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான், நிரல் உங்களுடையதாகிவிடும்.

திரைக்குப் பின்னால் நடப்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். கர்சருக்கு மேலே இருக்கும் வரிகள், கீழே இருக்கும் வரிகள், எடிட்டரில் திறந்து கிடக்கும் மற்ற கோப்புகளின் துண்டுகள் எல்லாம் ஒரு கட்டாகக் கட்டப்பட்டு எங்கோ இருக்கும் சர்வருக்குப் போகின்றன. இதுவரை படித்த கோடிக்கணக்கான வரிகளை வைத்து, அடுத்து வர அதிக வாய்ப்புள்ளது எது என்று மாடல் கணக்கிடுகிறது. வடிகட்டிகளைத் தாண்டி அந்தப் பதில் உங்கள் திரைக்கு வருகிறது. அப்படிச் சாம்பல் நிறத்தில் காட்டும் வரியை அது ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருவதில்லை. உங்கள் நிறுவனத்தின் விதிமுறை என்ன, இந்த நிரலை நாளைக்கு யார் பயன்படுத்தப்போகிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நீங்கள் சொன்னால் உண்டு.

கருவி அங்கேயே நின்றுவிடவில்லை. 2023 டிசம்பரில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் சாட் வசதி எல்லோருக்கும் வந்தது. 2024 அக்டோபரில், ஓப்பன்ஏஐ மாடல்கள் மட்டுமல்லாமல் ஆந்த்ரோபிக்கின் கிளாட், கூகுளின் ஜெமினி ஆகியவற்றையும் தேர்ந்தெடுக்கலாம் என்ற அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், மாதம் 2,000 பரிந்துரைகளும் 50 சாட் கேள்விகளும் கொண்ட இலவசத் திட்டம். 2025 பிப்ரவரியில் ‘ஏஜென்ட்’ முறை வந்தது. அது தானே பல கோப்புகளைத் திறந்து மாற்றும், கட்டளைகளை ஓட்டும், பிழை வந்தால் திரும்ப முயலும். அதே ஆண்டு மே மாதம், ஒரு வேலையைப் பெயர் போட்டு ஒப்படைத்தால் தனியாகவே செய்து முடித்து, ‘புல் ரிக்வெஸ்ட்’டாக, அதாவது சரிபார்த்து ஏற்கச் சொல்லும் மாற்றமாகப் பார்வைக்கு வைக்கும் அளவுக்குப் போய்விட்டது. இத்தனை வேகமாக மாறும் பொருளுக்குத்தான் சான்றிதழ் தருகிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வில் என்ன கேட்கிறார்கள்?

2024 தொடக்கத்தில் கிட்ஹப் தன் சான்றிதழ் தேர்வுகளைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது கோபைலட் அந்தப் பட்டியலில் இல்லை. அடிப்படை, ஆக்‌ஷன்ஸ், பாதுகாப்பு, நிர்வாகம் என நான்கு தேர்வுகள்தான் இருந்தன. பிறகு சேர்ந்தது இது. மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் ஜிஎச்-300 என்ற எண்ணில் இருக்கிறது. அமெரிக்காவில் கட்டணம் 99 டாலர். நாட்டுக்கு நாடு இது மாறும். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்விகள். வீட்டிலிருந்தே எழுதினால் அடையாள அட்டையைக் காட்டி, அறையை கேமராவில் சுற்றிக் காட்ட வேண்டும். தமிழில் எழுத முடியாது.

முதலில் வெளியான பாடத்திட்டத்தில் ஏழு பகுதிகள் இருந்தன. எதற்கு எவ்வளவு இடம் கொடுத்திருந்தார்கள் என்று பார்த்தாலே தேர்வின் குணம் புரிந்துவிடும். கோபைலட்டின் திட்டங்களும் வசதிகளும் 31 சதவிகிதம். அது எப்படி இயங்குகிறது, தகவலை எப்படிக் கையாள்கிறது என்பது 15 சதவிகிதம். தனியுரிமையும், எந்தக் கோப்பை அதன் கண்ணில் காட்டக் கூடாது என்று அமைப்பதும் 15 சதவிகிதம். எங்கெங்கே பயன்படுத்தலாம் என்பது 14. ப்ராம்ட் எழுதும் முறைக்கு 9, டெஸ்டிங்குக்கு 9. பொறுப்பான பயன்பாட்டுக்கு 7. பாடத்திட்டத்தை அவ்வப்போது திருத்துகிறார்கள். ஆகவே, எழுத நினைப்பவர்கள் அன்றைய பட்டியலைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

மூன்றில் ஒரு பங்கு, எந்தத் திட்டத்தில் எந்த வசதி இருக்கிறது என்பதைப் பற்றியது. தனிநபருக்கு மாதம் 10 டாலர், பிசினஸ் திட்டத்துக்கு ஆளுக்கு 19, எண்டர்பிரைஸுக்கு 39 என்று இருக்கும்போது, எதில் எது கிடைக்கும், எதில் கிடைக்காது என்ற ஞாபகத்தைச் சோதிக்கிறார்கள். ஒரு நிறுவனத்தில் இருநூறு பேருக்கு இந்தக் கருவியை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பில் இருப்பவருக்கு இந்த அறிவு வேண்டும். இருபத்தோரு வயதில் முதல் வேலை தேடும் பெண்ணுக்கு இதனால் என்ன லாபம்? தயாரிப்பு நிறுவனமே தேர்வும் நடத்தும்போது, தயாரிப்பைப் பற்றிய பாடம் பெருத்துவிடுவது இயல்பு. டெஸ்டிங்குக்கு 9 சதவிகிதம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆனால், தனியுரிமைப் பகுதிக்காக இந்தத் தேர்வை நான் மனதாரப் பாராட்டுவேன். பல கல்லூரிகளில் யாரும் சொல்லித் தராத விஷயம் அது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் ஏபிஐ சாவிகளும் ஒரு கோப்பில் கிடக்கும். அந்தக் கோப்பு எடிட்டரில் திறந்திருந்தால் அதன் துண்டும் கட்டோடு கட்டாக வெளியே போகலாம். அதைத் தடுக்க, இன்னின்ன பாதையில் உள்ள கோப்புகளைத் தொடாதே என்று நிர்வாகி எழுதி வைக்கும் வசதி பிசினஸ், எண்டர்பிரைஸ் திட்டங்களில் உண்டு. சொந்தக் காசில் தனிநபர் திட்டம் வாங்கி, அலுவலக லேப்டாப்பில் போட்டு, கம்பெனி நிரலைத் திறப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒரு வாடிக்கையாளரின் உண்மையான தொலைபேசி எண்ணை ‘சும்மா டெஸ்டுக்கு’ என்று சாட்டில் ஒட்டுகிற பழக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது! தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறி, 2025 நவம்பரில் விதிகளும் அறிவிக்கப்பட்ட பிறகு, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு நல்ல பகுதி, பொதுவெளியில் உள்ள நிரலோடு ஒத்துப்போகும் பரிந்துரைகளைத் தடுக்கும் அமைப்பு. பிறர் உரிமத்தோடு வெளியிட்ட வரிகளை அப்படியே எடுத்துத் தந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்காக 2022 நவம்பரிலேயே சான்ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள் சில நிரலாளர்கள். அவர்களின் கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீதிபதி தள்ளுபடி செய்தார். ஆனாலும் அந்தக் கேள்வி, நிரலை விற்கும் ஒவ்வொரு நிறுவனத்தின் சட்டப் பிரிவிலும் உட்கார்ந்திருக்கிறது. அந்த அமைப்பு எங்கே இருக்கிறது, அதை எப்படிப் போடுவது என்று தெரிந்த ஃப்ரெஷர் ஒருவர் குழுவில் இருந்தால் அவருக்கு மதிப்புதான்.

ஓர் ஆதார் எண்ணும் பச்சை டிக்குகளும்

டெஸ்டிங்குக்கு 9 சதவிகிதம் போதாது என்று ஏன் சொல்கிறேன்? ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்வோம்.

கல்லூரி விடுதிச் சேர்க்கைக்கு ஓர் ஆன்லைன் படிவம் செய்கிறீர்கள். அதில் ஆதார் எண்ணுக்கு ஒரு கட்டம். தப்பான எண் உள்ளே போகக் கூடாது. கருவியிடம் ‘ஆதார் எண் சரியா என்று பார்க்கும் ஃபங்ஷன் எழுது’ என்கிறீர்கள். 12 இலக்கங்கள் இருக்கின்றனவா, எல்லாம் எண்கள்தானா என்று பார்க்கும் இரண்டு வரி நிரல் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்க அழகாக இருக்கும். பெயர்கள் எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கும். மேலே ஒரு விளக்கக் குறிப்புகூட எழுதியிருக்கும். டேப் தட்டிவிடுவீர்கள்.

ஆனால், ஆதாரின் இலக்கணம் அவ்வளவு இல்லை. முதல் இலக்கம் 0 ஆகவோ 1 ஆகவோ இருக்காது. கடைசி இலக்கம் சும்மா வந்ததல்ல. முன்னால் உள்ள 11 இலக்கங்களிலிருந்து வெர்ஹாஃப் முறையில் கணக்கிட்டு வருவது. நெதர்லாந்துக் கணிதவியலாளர் யாகோபஸ் வெர்ஹாஃப் 1969இல் வெளியிட்ட முறை அது. எண்ணைத் தட்டும்போது ஓர் இலக்கம் மாறிப்போனாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறிக்கொண்டாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். படிவம் நிரப்புகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறுகள் இந்த இரண்டும்தான். 12 இலக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் நிரல், 47-க்குப் பதில் 74 என்று தட்டிய மாணவனை அப்படியே உள்ளே விட்டுவிடும். உதவித்தொகை வராதபோதுதான் தெரியும்.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். நீங்கள் பொறுப்பானவர். டெஸ்ட் இல்லாமல் நிரலை ஒப்படைக்கக் கூடாது என்று நினைக்கிறீர்கள். அதே கருவியிடம், ‘இதற்கு டெஸ்ட் எழுது’ என்கிறீர்கள். கண்முன்னே இருக்கும் நிரலைப் பார்த்து அது டெஸ்ட் எழுதுகிறது. 12 இலக்கம் கொடுத்தால் சரி என்று வர வேண்டும், 11 கொடுத்தால் தவறு என்று வர வேண்டும், நடுவில் எழுத்து இருந்தால் தவறு, காலியாக விட்டால் தவறு. ஓட்டினால் எல்லாம் பச்சை டிக். நிரலில் உள்ள அதே குறை டெஸ்டிலும் இருப்பதால் குறை வெளியே தெரியவே தெரியாது. அறியாமைக்கு இரண்டு சாட்சிகள் கிடைத்த கதை.

சரி, வெர்ஹாஃப் பற்றித் தெரிந்த ஒருவர் அதையும் சொல்லிக் கேட்டால் கருவி எழுதித் தரும். அந்த முறைக்கு 10-க்கு 10 என்று நூறு எண்கள் கொண்ட அட்டவணை ஒன்றும், 80 எண்கள் கொண்ட இன்னொன்றும் தேவை. அதில் ஓர் எண் மாறியிருந்தாலும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். சரியென்று உறுதியாகத் தெரிந்த எண்களையும், வேண்டுமென்றே இலக்கம் மாற்றிய எண்களையும் தனியே தயார்செய்து ஓட்டிப் பார்த்தால்தான் பிடிபடும். அந்தப் பட்டியலை மனிதர்தான் தயாரிக்க வேண்டும். அப்போதுகூட யாருடைய உண்மையான ஆதார் எண்ணையும் சாட்டில் ஒட்டக் கூடாது.

இந்த ஒரு வேலையில் எத்தனை திறமைகள் இருக்கின்றன, பாருங்கள். எதைச் சரிபார்க்க வேண்டும் என்று அந்தத் துறையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். வந்த நிரலில் எது இல்லை என்று கவனிக்க வேண்டும். இருப்பதைப் படிப்பதைவிட இல்லாததைக் கவனிப்பது சிரமம். பச்சை டிக்கை நம்பாமல், தானாக ஒரு சோதனையை யோசிக்க வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வால் இதை அளக்க முடியாது.

ஆய்வுகள் சொல்வது

‘இதெல்லாம் மிகைப்படுத்தல், கருவி இப்போது எவ்வளவோ முன்னேறிவிட்டது’ என்பார்கள். முன்னேறியிருக்கிறது, மறுக்கவில்லை. வேகம் கூடுவதற்கும் ஆதாரம் இருக்கிறது. கிட்ஹப், மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் நடத்தி 2023இல் வெளியிட்ட பரிசோதனையில், 95 நிரலாளர்களுக்கு ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சின்ன வெப் சர்வர் எழுதும் வேலை கொடுத்தார்கள். கோபைலட் வைத்திருந்தவர்கள் 55.8 சதவிகிதம் குறைந்த நேரத்தில் முடித்தார்கள்.

அதே படத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2025 ஜூலையில் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவம் மிக்க 16 ஓப்பன்சோர்ஸ் நிரலாளர்களை வைத்து அவர்கள் பல ஆண்டுகள் பழகிய சொந்த ரெப்போக்களிலேயே, அதாவது நிரல் தொகுப்புகளிலேயே, 246 வேலைகளைச் செய்யச் சொன்னது. ஏஐ துணையோடு செய்த வேலைகளுக்கு 19 சதவிகிதம் கூடுதல் நேரம் பிடித்தது. இதில் அவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது கர்சர் என்ற கருவி, கோபைலட் அல்ல. நேரத்தைவிட முக்கியமான இன்னொன்று அந்த ஆய்வில் இருக்கிறது. வேலையெல்லாம் முடித்த பிறகும் அவர்கள், ஏஐ தங்களை 20 சதவிகிதம் வேகப்படுத்தியதாகவே நம்பினார்கள். கை ஒன்று செய்ய, மனம் வேறொன்றை நம்பியிருக்கிறது.

பாதுகாப்பிலும் இதே கதைதான். கோபைலட் வந்த புதிதில், 2021இல், நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 89 சூழல்களைக் கொடுத்து 1,689 நிரல்களை அதனிடம் எழுதி வாங்கினார்கள். ஏறத்தாழ 40 சதவிகிதத்தில் ஹேக்கர்களுக்குக் கதவு திறந்திருந்தது. அடுத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று, ஏஐ உதவி பெற்றவர்கள் பாதுகாப்புக் குறைந்த நிரலை எழுதியதோடு, தங்கள் நிரல் பாதுகாப்பானது என்று மற்றவர்களைவிட அதிகமாக நம்பவும் செய்தார்கள் என்று காட்டியது. மாடல்கள் பல தலைமுறை மாறிவிட்டன. இந்த நம்பிக்கைக் கோளாறு மனிதருடையது. மாடல் மாறினால் அது மாறிவிடாது.

இதற்குள் புது ஆபத்து ஒன்றும் வந்துவிட்டது. ஏஐ சில சமயம் இல்லாத நூலகத்துக்கு, அதாவது நிரலில் இணைத்துக்கொள்ளும் பேக்கேஜுக்கு, தானாகப் பெயர் வைத்துப் பரிந்துரைக்கும். 16 மாடல்களை வைத்து 5,76,000 நிரல்களைச் சோதித்த ஆய்வு ஒன்று, பரிந்துரைத்த பேக்கேஜ்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை என்று கண்டது. திருடர்கள் அந்தப் பெயரில் ஒரு நச்சு பேக்கேஜை முன்கூட்டியே பதிவுசெய்து வைத்தால் போதும். பெயரைச் சரிபார்க்காமல் இன்ஸ்டால் செய்கிற முதல் ஆள் மாட்டிக்கொள்வார். ‘ஸ்லாப்ஸ்குவாட்டிங்’ என்று இதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்.

ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளம் 2025இல் நடத்திய கணக்கெடுப்பில், 84 சதவிகிதம் பேர் ஏஐ கருவிகளைப் பயன்படுத்துகிறோம் அல்லது பயன்படுத்தப்போகிறோம் என்றார்கள். அதே கணக்கெடுப்பில் 46 சதவிகிதம் பேர் அவற்றின் துல்லியத்தை நம்பவில்லை என்றார்கள். தங்களை அதிகம் வாட்டுவது எது என்ற கேள்விக்கு 66 சதவிகிதம் பேர் சொன்னது, ‘ஏறக்குறைய சரியாக இருந்தும் சரியில்லாத பதில்கள்’. தொழிலில் இருப்பவர்களுக்கே நோய் எதுவென்று தெரிந்திருக்கிறது. தேர்வு அதைப் போதிய அளவுக்குச் சோதிக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

டைப்ரைட்டிங் லோயரும், டம்ப்ஸும்

தமிழ்நாட்டுக்குச் சான்றிதழ் மோகம் புதிதல்ல. தொண்ணூறுகளில் என்.ஐ.ஐ.டி., ஆப்டெக், எஸ்.எஸ்.ஐ. பலகைகள் ஊருக்கு ஊர் எழுந்தன. ஒய்2கே காலத்தில் நகையை அடகு வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்த குடும்பங்கள் உண்டு. அதில் எத்தனையோ பேர் நன்றாக வந்தார்கள். சன் நிறுவனத்தின் ஜாவா சான்றிதழ் வாங்கி அமெரிக்கா போனவர்கள் இருக்கிறார்கள். கூடவே வந்த நோய்தான் டம்ப்ஸ். முந்தைய தேர்வுகளின் கேள்வி விடைகளைத் திரட்டி விற்பதும், வாங்கி மனப்பாடம் செய்து எழுதுவதும். ‘பேப்பர் சான்றிதழ்’ என்று நேர்முகத் தேர்வாளர்கள் அன்றே அடையாளம் கண்டார்கள். கோபைலட் தேர்வுக்கும் ‘நூறு சதவிகிதம் பாஸ்’ என்று உத்தரவாதம் கொடுத்துக் கேள்வி வங்கிகள் விற்கிறார்கள். வாங்காதீர்கள். பிடிபட்டால் சான்றிதழை ரத்து செய்யும் உரிமை தேர்வு நடத்துபவர்களுக்கு உண்டு. அதைவிடப் பெரிய நஷ்டம், அந்தப் பாடத்தில் உருப்படியான தனியுரிமைப் பகுதியையும் படிக்காமலே தாண்டிவிடுவது.

இதற்கு நேர் எதிரான ஒரு சான்றிதழும் நம்மிடமே இருக்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் டைப்ரைட்டிங் தேர்வு. லோயர், ஹையர் என்று நாம் சொல்வது. மெஷினைப் பற்றி நான்கு கேள்வி கேட்டுவிட்டு அனுப்புவதில்லை அங்கே. உட்கார வைத்து, மணி அடித்து, இந்த நிமிடத்துக்குள் இதைத் தட்டு என்பார்கள். பிழைக்கு மதிப்பெண் போகும். குரூப் 4 தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழை அரசு இன்றும் கேட்பதற்குக் காரணம், அதை வைத்திருப்பவரின் கை நிஜமாகவே தட்டும் என்ற நம்பிக்கை. ஏஐ கருவிக்கான தேர்வும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு ரெப்போவைக் கொடுத்து, ஏஐ எழுதிய ஒரு புல் ரிக்வெஸ்ட்டைக் கொடுத்து, ‘இதில் மூன்று தவறுகள் இருக்கின்றன, ஒரு மணி நேரத்தில் கண்டுபிடி’ என்று சொல்லும் தேர்வு வந்தால், அதை எழுதச் சொல்லி நானே முதலில் பரிந்துரைப்பேன்.

எழுதுவதானால்...

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், அதிலும் குழுவை நடத்துபவர்கள், தாராளமாக எழுதலாம். உங்கள் குழு இந்தக் கருவியை எப்படியும் பயன்படுத்தத்தான் போகிறது. எதை மறைக்க வேண்டும், எந்த அமைப்பை இயக்க வேண்டும் என்று ஒருவராவது முறையாகப் படித்திருப்பது நல்லது. பல நிறுவனங்கள் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன, கேட்டுப் பாருங்கள்.

மாணவர்களுக்கு என் யோசனை வேறு. வரிசையை மாற்றுங்கள். பாடம் மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. அதற்குப் பயிற்சி மையத்தில் ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டியதில்லை. முதலில் அதை முழுக்கப் படியுங்கள். பிறகு உங்கள் சொந்தப் புராஜெக்ட் ஒன்றை எடுத்து, கருவி எழுதிய ஒவ்வொரு பகுதிக்கும் ‘இதில் என்ன விட்டுப்போயிருக்கிறது?’ என்று கேட்டு, கண்டுபிடித்ததைக் கிட்ஹப்பிலேயே குறிப்பாக எழுதி வையுங்கள். ஏஐ தந்தது இது, நான் பிடித்த தவறு இது, இப்படித் திருத்தினேன், இந்த டெஸ்ட் போட்டேன். அப்படி ஐந்தாறு பதிவுகள் இருந்தால், நேர்முகத் தேர்வில் பேச உங்களுக்குச் சொந்தமான விஷயம் இருக்கும். அதற்கு மேல் காசும் நேரமும் இருந்தால் தேர்வை எழுதுங்கள்.

முதல் வருடம், இரண்டாம் வருடம் படிப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். லூப் எழுதத் திணறி, பிழைச் செய்தியை முறைத்துப் பார்த்து, இரவெல்லாம் பக் தேடும் காலம் அது. அந்தத் திணறலில்தான் தவறைக் கண்டுபிடிக்கும் கண் உருவாகிறது. டேப் தட்டி அதைத் தாண்டிவிட்டால், பின்னால் கருவி செய்யும் தவறைப் பிடிக்க உங்களிடம் கண் இருக்காது.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ‘எங்கள் மாணவர்கள் இத்தனை பேர் ஏஐ சான்றிதழ் பெற்றவர்கள்’ என்று விளம்பரம் கொடுப்பதற்கு முன், லேப் வகுப்பில் ஒரு மணி நேரத்தை நிரல் படிப்பதற்கு ஒதுக்குங்கள். எழுத மட்டும் சொல்லித் தரும் பாடத்திட்டம் இனிப் போதாது. 2022 முதல் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் அரசும் இதைக் கவனிக்க வேண்டும். ஏஐ எழுதிய நிரலைத் திருத்தும் பயிற்சி ஒன்றை அதில் சேர்த்தால், தனியார் மையத்துக்குக் காசு கட்ட முடியாத பிள்ளைகளுக்கு அது பெரிய உதவியாக இருக்கும். ஆள் எடுக்கும் நிறுவனங்களும் ரெஸ்யூமேவில் அந்த ஒரு வரியைத் தேடி வடிகட்டுவதை விட்டுவிட்டு, பிழையுள்ள நாற்பது வரி நிரலைக் கையில் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

மாணவர் என்று உறுதிசெய்தவர்களுக்குக் கிட்ஹப் கல்வித் திட்டத்தில் கோபைலட் இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரி அடையாள அட்டையும் கல்லூரி மின்னஞ்சலும் கைவசம் இருப்பவர்கள் இந்த வாரமே பதிவு செய்யுங்கள். மேலே சொன்ன ஆதார் ஃபங்ஷனை எழுதச் சொல்லி, அதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள். தேர்வுக் கட்டணத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.